மொட்டைக் கடிதங்களுக்கு ஒரு முகவரி

பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் தபால்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியரின் தலையில்தான் விழும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் சேர்ந்தபோது அந்தப் பணி எனக்குக் கிடைத்தது. கவிதைகள், கோயில் திருவிழா அறிவித்தல்கள், பிரதேச நிருபர்களின் செய்திகள் ஆகியவற்றுக்கு இடையே வாரத்துக்கு நான்கைந்து கையொப்பமில்லாத கடிதங்களும் கிடக்கும். தமிழில் அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'மொட்டைக் கடிதம்'. அந்தப் பெயரிலேயே ஓர் இளக்காரம் இருக்கிறது. பெயரைச் சொல்லத் துணிவில்லாதவனுக்கு உண்மையைச் சொல்லும் யோக்கியதை கிடையாது என்பார் எங்கள் செய்தி ஆசிரியர். அவற்றைக் குப்பைக் கூடையில் போடும்படிதான் எனக்கு அறிவுறுத்தல்.

அப்படிப் போட மனம் வராத ஒரு கடிதம் ஒருநாள் வந்தது. கொப்பித் தாளின் இரு பக்கங்களிலும் தமிழில் எழுதப்பட்டிருந்தது. கொழும்புக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலை. இரண்டாம் மாடியில் உள்ள அவசர வழிக் கதவை, உடுப்புகள் களவுபோகின்றன என்று காரணம் சொல்லி, வேலை நேரத்தில் மாங்காய்ப் பூட்டுப் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். அதன் முன்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் பார்வையிட வரும் நாட்களில் மட்டும் பெட்டிகள் அகற்றப்பட்டுப் பூட்டும் திறக்கப்படுகிறது. தீப்பிடித்தால் நாங்கள் எங்கே ஓடுவது என்ற கேள்வியுடன் கடிதம் முடிந்திருந்தது.

தொழிற்சங்க நண்பர் ஒருவர் மூலம் விடயத்தை உறுதி செய்துகொண்டு நான் அதைச் செய்தியாக எழுதினேன். எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. தொழிற்சாலையின் பெயரைக் கூடத் தவிர்த்து ஊரின் பெயரை மட்டும் போட்டேன். ஆனால், செய்திக்கு உயிர் வேண்டும் என்று நினைத்து, பூட்டு எந்த மாடியில், எந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாக எழுதிவிட்டேன். ஆதாரமளித்தவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

இரண்டு வாரங்களுக்குப் பின்னர் மலையகத்தைச் சேர்ந்த ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். இருபது வயதிருக்கும். "ஐயா, நீங்க பேரு போடல. ஆனா அந்த லைன்ல தமிழ் பேப்பர் வாசிக்கிற புள்ளைங்க நாங்க நாலு பேருதான். நாலு பேரையும் நிப்பாட்டிட்டாங்க" என்றார். கடிதத்தை எழுதியவர் அவர்தானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒருவர் எழுதியதற்கு நால்வர் தண்டிக்கப்பட்டார்கள் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. எழும்பிப் போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: "பூட்டக் கழட்டிட்டாங்க ஐயா."

பெயரை மறைப்பது வேறு, ஆளை மறைப்பது வேறு என்பதை அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன். செய்தி வெளியான மொழியே அந்தப் பெண்களை அடையாளம் காட்டிவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து இதை நினைவுகூர்வதற்குக் காரணம் இருக்கிறது. 'விநியோகச் சங்கிலியின் அபாயங்களை முகாமை செய்தல்' என்றும் 'பாதுகாப்பான முறைப்பாட்டுப் பொறிமுறை' என்றும் உலகின் பெரிய கம்பனிகள் இன்று பேசிக்கொள்ளும் விடயம், சாராம்சத்தில், அந்தக் கொப்பித் தாள் கடிதத்தை என்ன செய்வது என்ற கேள்விதான்.

சான்றிதழுக்குத் தெரியாதது

ஐரோப்பாவில் ஒருவர் வாங்கும் சட்டைக்குப் பருத்தி ஒரு நாட்டில் விளைகிறது, நூல் வேறொரு நாட்டில் நூற்கப்படுகிறது, தையல் மூன்றாவது நாட்டில் நடக்கிறது. விற்கும் நிறுவனத்துக்கு அந்தத் தொழிற்சாலை சொந்தமானதல்ல. அங்கே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள அது நம்பியிருக்கும் வழி கணக்காய்வு. ஆண்டுக்கு ஓரிரு தடவைகள் ஒரு பரிசோதகர் கையில் படிவத்துடன் வருவார், ஓரிரு நாட்கள் தங்குவார், சான்றிதழ் கொடுப்பார். பெரும்பாலும் அவருக்கான கட்டணத்தைச் செலுத்துவது தொழிற்சாலையேதான்.

இந்த ஏற்பாட்டின் பெறுமதி என்ன என்பதை 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி பாகிஸ்தான் காட்டியது. கராச்சியின் பல்தியா பகுதியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜேர்மனியின் மலிவு விலை விற்பனை நிறுவனமான 'கிக்' அதன் முக்கிய கொள்வனவாளர். தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழான எஸ்.ஏ.8000, தீ விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அந்தத் தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டிருந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால், தீயை யார் வைத்திருந்தாலும், பூட்டிய கதவுகளும் கம்பியடித்த ஜன்னல்களும் இல்லாதிருந்தால் அத்தனை பேர் உள்ளே சிக்கி இறந்திருக்கமாட்டார்கள். கதவு பூட்டப்பட்டிருந்ததை அங்கு வேலை செய்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். சான்றிதழுக்கு மட்டும் அது தெரியாது.

அடுத்த ஆண்டில் பங்களாதேஷின் தலைநகர் டாக்காவை அண்டிய சாவாரில் அதைவிடப் பெரிய துயரம் நிகழ்ந்தது. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி ரானா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் தோன்றின. பொறியியலாளர் ஒருவர் பார்வையிட்டு, கட்டடம் ஆபத்தானது என்று எச்சரித்தார். கீழ்த்தளத்து வங்கி தனது ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கடைகள் மூடப்பட்டன. மேல் மாடிகளில் இயங்கிய ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாட் காலையில் உள்ளே செல்லுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் இல்லை என்று அச்சுறுத்தப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் உயிரிழந்தனர்.

அந்தக் கட்டடத்தில் இருந்த தொழிற்சாலைகளில் சில ஏற்கனவே சமூகக் கணக்காய்வுக்கு உட்படுத்தப்பட்டவை. ஆனால் ஐந்தில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இருக்கவில்லை. விரிசலை ஆயிரக்கணக்கானோர் கண்ணால் கண்டிருந்தார்கள். கண்டதைச் சொல்லவும், சொன்னபின் வேலையை இழக்காதிருக்கவும், சொன்னதைக் கேட்டு வேலையை நிறுத்தும் அதிகாரம் படைத்த ஒருவரை அடையவும் அவர்களுக்கு வழி இருக்கவில்லை. வங்கி ஊழியருக்கும் தையல் தொழிலாளிக்கும் இடையில் அன்று இருந்த வேறுபாடு அதுதான்.

பெட்டி வைத்தால் போதுமா?

இத்தகைய அழிவுகளுக்குப் பின்னர் கம்பனிகள் பொதுவாகச் செய்வது ஒரு முறைப்பாட்டுப் பெட்டியை வைப்பது, அல்லது ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டுவது. நான் சென்று பார்த்த தொழிற்சாலைகள் சிலவற்றில் அந்தப் பெட்டி மனிதவளப் பிரிவின் வாசலில், கண்காணிப்புக் கமராவுக்கு நேர் கீழே இருந்தது. சாவி முகாமையாளரிடம். அறிவித்தல் சிங்களத்தில் மட்டும், அல்லது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பெட்டி எப்போதும் காலியாகவே இருக்கிறது என்றும், ஆகவே தங்களிடம் பிரச்சினை எதுவும் இல்லை என்றும் ஒரு முகாமையாளர் பெருமையுடன் கூறினார். காலியான பெட்டி நிம்மதியின் அடையாளமாகவும் இருக்கலாம், பயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வேறுவிதமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணங்கள் இல்லாமல் இல்லை. ரானா பிளாஸாவுக்குப் பின்னர், 2013 மே மாதத்தில், சர்வதேசத் தொழிற்சங்கச் சம்மேளனங்களும் ஆடை நிறுவனங்களும் பங்களாதேஷ் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையைச் செய்துகொண்டன. 'எக்கோர்ட்' என்று அழைக்கப்பட்ட அந்த உடன்படிக்கை, கையெழுத்திட்ட கம்பனிகளைச் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தியது. காலப்போக்கில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன, 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் பரிசோதிக்கப்பட்டன. எனது பார்வையில் அதன் சிறப்பு பரிசோதனைகளில் மட்டும் இல்லை. தொழிற்சாலை முகாமைத்துவத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடம் தொழிலாளி நேரடியாக முறையிடலாம் என்பதும், அவரது அடையாளம் இரகசியமாக வைக்கப்படும் என்பதும், முறையிட்டவரைப் பழிவாங்குவதே உடன்படிக்கையை மீறுவதாகக் கொள்ளப்படும் என்பதும் முக்கியமானவை. ஆபத்தான கட்டடத்துக்குள் செல்ல மறுக்கும் உரிமையும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. திருத்த வேலைகளுக்காகத் தொழிற்சாலை மூடப்பட்டால் ஆறு மாதங்கள் வரை வேதனம் வழங்கவும் ஏற்பாடு இருந்தது.

அந்தக் கடைசி ஏற்பாட்டை வாசகர்கள் கவனிக்கவேண்டும். நடைமுறையில் ஒரு தொழிலாளியின் வாயை அடைப்பது முகாமையாளரின் மிரட்டல் மாத்திரமல்ல. 'நான் வாய் திறந்தால் வெளிநாட்டுக் கம்பனி ஓடரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும், என்னோடு சேர்ந்து எல்லோருக்கும் வேலை போய்விடும்' என்ற பயம் அதைவிட வலிமையானது. குற்றம் வெளிப்பட்டதும் கைகழுவிவிட்டு விலகிச் செல்லும் கொள்வனவாளர், தான் நியாயமாக நடந்துகொண்டதாக எண்ணலாம். உண்மையில் அவர் அடுத்த தொழிற்சாலையின் தொழிலாளருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டே போகிறார். பேசினால் பட்டினி என்பதே அந்தப் பாடம்.

இரண்டாவது உதாரணம் தமிழ்நாட்டிலிருந்து. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில், ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதன் பின்னரே அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் தாங்கள் அனுபவித்துவந்த பாலியல் துன்புறுத்தல்கள் பற்றி வெளியே பேசத் தொடங்கினார்கள். ஓர் உயிர் போகும் வரை அந்த உண்மைகளுக்கு முகவரி இருக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் உடன்படிக்கை' கையெழுத்தானது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் ஆகியன அதில் பங்குகொண்டன. எச்.அன்ட்.எம். நிறுவனமும், பின்னர் கெப், பி.வி.எச். ஆகியனவும் உடன்பட்டன. தொழிலாளர் மத்தியிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்றப்பட்டார்கள். முறைப்பாடுகளைக் கேட்கச் சுயாதீனமானவர்கள் நியமிக்கப்பட்டார்கள். தன் பக்கத்து இயந்திரத்தில் தைப்பவரிடம், தன் பேச்சுத் தமிழிலேயே, ஒரு பெண் குறையைச் சொல்லக்கூடியதாக இருந்தது. எந்தத் தொலைபேசி இலக்கமும் தரமுடியாத நம்பிக்கை அது.

கம்பனிகளுக்கும் இது இலாபம்தான்

இது தொழிலாளர் மீதான இரக்கம் பற்றிய விடயம் என்று மட்டும் எவரும் எண்ணிவிடக்கூடாது. வறிய நாடுகளின் ஆடைத் தொழிலோடு முடிந்துவிடும் பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் போயிங் விமானங்களுக்கு உடற்பகுதி தயாரித்து வழங்கிய ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தரப் பரிசோதகராக இருந்த ஒருவர், விமானத்தின் பின்பக்க அழுத்தத் தடுப்பில் துளைகள் பிழையாக இடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியதாகக் கூறினார். 2023 ஏப்ரலில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அதே பகுதியில் அதே வகையான குறை இருப்பது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, விமான விநியோகம் தாமதமானது. குறையை முதலில் காண்பவர் எப்போதும் அதன் பக்கத்தில் நிற்பவர்தான். அவரது வாயை மூடுவதால் குறை மறைந்துவிடுவதில்லை, அதை அறியும் நாள்தான் பின்போகிறது. பின்போகும் ஒவ்வொரு நாளும் செலவு கூடுகிறது.

ஐரோப்பிய சட்டங்கள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் பணிப்புரையை ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் நிறைவேற்றியது. 2023 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், கடல் கடந்த தொழிற்சாலையில் பாதிக்கப்படுபவரும் முறையிடக்கூடிய வழியைக் கம்பனிகள் ஏற்படுத்தவேண்டும் என்றும், முறையிடுவோரின் அடையாளத்தைக் காக்கவேண்டும் என்றும் விதித்தது. 2024இல் ஒன்றியம் முழுவதற்குமான உரிய கவனத்துக்கான பணிப்புரை வந்தது. ஆனால் 2025இலேயே அதன் அமுலாக்கம் பிற்போடப்பட்டு, வரம்பைச் சுருக்கும் யோசனைகளும் முன்வைக்கப்பட்டன. வியாபாரிகளின் சுமையைக் குறைப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. பூட்டிய கதவுக்குள் இருப்பவரின் சுமையை எடைபோட யாரும் தராசு கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

எமது நாட்டின் நிலை என்ன? கட்டுநாயக்கவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் ஆரம்பிக்கப்பட்டது. ஆடைகளே நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி. 'குற்ற உணர்வற்ற ஆடைகள்' என்ற பொருள்படும் சுலோகத்துடன் எமது ஆடைத் தொழில்துறை உலகச் சந்தையில் தன்னை விளம்பரப்படுத்தியது. அயல் நாடுகளோடு ஒப்பிடுகையில் இங்கே கட்டடங்களும் வசதிகளும் மேம்பட்டவை என்பதை மறுக்கவேண்டியதில்லை. சட்டங்களும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், வெளியிட அனுமதிக்கப்பட்ட தகவலை வெளியிடும் அரச ஊழியருக்குப் பாதுகாப்பளிக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் ஊழல் பற்றித் தகவல் தருவோரைப் பாதுகாக்கிறது. ஆனால் ஒன்று அரச ஊழியருக்கானது, மற்றது ஊழலை மையமாகக் கொண்டது. தனியார் தொழிற்சாலையில் ஒரு கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லும் ஒப்பந்தத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல இவை.

சொல்லின் சுமை

சட்டத்தை விடவும் ஆழமான தடையொன்று எமது மொழியிலேயே இருக்கிறது. தான் வேலை செய்யும் இடத்தின் தவறை வெளியே சொல்பவருக்குத் தமிழில் மரியாதையான ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்க்கப்போனால் 'ஊதுகுழல்' என்று வரும். நமது வழக்கில் ஊதுகுழல் என்றால் அதிகாரத்தின் குரலை ஒலிப்பவர், அதாவது நேர் எதிரானவர். மக்கள் வாயில் இருக்கும் சொல் 'காட்டிக்கொடுத்தவன்' என்பதுதான். இலங்கைத் தமிழருக்கு அந்தச் சொல்லின் சுமையை நான் விளக்கத் தேவையில்லை. முப்பது ஆண்டுப் போரில் அது எத்தனை உயிர்களைக் குடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே சொல்லை, பூட்டிய கதவைப் பற்றி எழுதிய ஒரு தொழிலாளியின் மீதும் நாம் தயங்காமல் சுமத்துகிறோம். அதிகாரமற்றவரை அதிகாரத்திடம் ஒப்படைப்பதுதான் காட்டிக்கொடுப்பு. அதிகாரத்தின் தவறை, அதனால் ஆபத்துக்குள்ளாகும் மக்களிடம் சொல்வது அதற்கு நேர்மாறானது.

ஆகவே, பாதுகாப்பான முறைப்பாடு என்று எதைச் சொல்லலாம்? எனது அனுபவத்திலிருந்து நான் கேட்பவை மிகச் சாதாரணமானவை. முறைப்பாட்டைப் பெறுபவர் தொழிற்சாலை முதலாளியிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக்கூடாது. சிங்களத்தைப் போலவே தமிழிலும், எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லக்கூடியதாகவும் அது இருக்கவேண்டும். ஒரு கதவைப் பற்றி முறைப்பாடு வந்தால் அந்த ஒரு கதவை மட்டும் சோதிக்கப்போகாமல், வழமையான சோதனை என்று சொல்லி எல்லா மாடிகளின் எல்லாக் கதவுகளையும் சோதிக்கவேண்டும். அப்போதுதான் சொன்னவர் யார் என்பதை ஊகிக்கமுடியாது. நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்ற பதில் முறையிட்டவருக்குப் போய்ச் சேரவேண்டும். முறைப்பாட்டுக்குப் பின்னர் எவராவது வேலை நீக்கப்பட்டால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையதாக இருக்கவேண்டும். கொள்வனவு செய்யும் கம்பனி ஓடிப்போகாமல் நின்று, திருத்துவதற்கான செலவில் பங்கேற்கவேண்டும்.

பொய்யான முறைப்பாடுகள் வராதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரும். பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த மொட்டைக் கடிதங்களில் பாதிக்கு மேல் தனிப்பட்ட பகைகள்தான். விசாரித்து உமியையும் அரிசியையும் பிரிப்பது பெறுபவரின் வேலை. உமி இருக்கிறது என்பதற்காக மூட்டையையே ஆற்றில் கொட்டுவதில்லை. எங்கள் செய்தி ஆசிரியர் நல்ல மனிதர், ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் அவர் பிழையாக இருந்தார். பெயர் போடாமை கோழைத்தனம் அல்ல. பல சந்தர்ப்பங்களில் பெயர் போட முடியாத நிலையை உருவாக்கி வைத்திருப்பவர்கள்தான் வெட்கப்படவேண்டியவர்கள்.

நான் எழுதிய அந்தச் செய்தியில் ஒரே ஒரு வரியைக் குறைத்திருந்தால், இரண்டாம் மாடி என்பதற்குப் பதிலாகத் தொழிற்சாலை என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த நால்வரும் மறுநாளும் வேலைக்குப் போயிருக்கக்கூடும். அந்தப் பெண் என்னிடம் முறையிட வரவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. சேவைச் சான்றிதழ் இல்லாமல் வேறு கார்மன்டில் சேர்க்கமாட்டார்கள், யாரிடமாவது சொல்லி ஒரு வேலை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். என்னால் முடியவில்லை. பூட்டுக் கழற்றப்பட்ட அந்தக் கதவுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் தொடர்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் திறப்பித்தவர் ஹற்றன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிப் போனார்.